அதிகாரம் தேவனால் வந்ததென்றால், அதற்கு எல்லை உண்டா?

ஆளுகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று அப்போஸ்தலன் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் 13-ஆம் அதிகாரம் தெளிவாகச் சொல்லியிருக்கும்போது, ஒரு கிறிஸ்தவர் அரசியல் சாசன உரிமைகளைக் காட்டி அரசோடு வழக்காடுவதும், அரசின் அதிகாரத்துக்கு எல்லை வேண்டும் என்று வாதாடுவதும் வேதத்துக்கு ஒத்ததா என்பது கேள்வி. உரிமை என்பதே வேதத்தில் இல்லாத, பிற்காலத் தத்துவவாதிகளிடமிருந்து சபைக்குள் நுழைந்த பேச்சுதானே என்ற ஐயமும் அதோடு சேர்த்துக் கேட்கப்பட்டிருக்கிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒத்ததுதான். அரசுக்கு எல்லை உண்டு என்ற எண்ணம் ரோமர் 13-இன் வாக்கியங்களுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் திருச்சபை அதை எல்லாக் காலத்திலும் ஒரே தெளிவோடு கண்டதில்லை. தான் அடிபட்ட காலங்களில் நன்றாகக் கண்டது, தன் கையில் கோல் இருந்த காலங்களில் பெரும்பாலும் மறந்தது. இந்த இரண்டாவது உண்மையை மறைத்துவிட்டு முதலாவதை மட்டும் சொல்வது நேர்மையாகாது என்பதால், இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

‘எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன், ஏனென்றால், தேவனாலேயன்றி ஒரு அதிகாரமுமில்லை’ என்று பவுல் தொடங்குகிறார். இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் முற்பாதியை அழுத்திச் சொல்லிவிட்டுப் பிற்பாதியை வேகமாகக் கடந்துபோவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பிற்பாதியின்படி அதிகாரம் ஆளுகிறவனுடைய சொந்தச் சொத்து இல்லை, அவனிடம் ஒப்படைக்கப்பட்டது. நான்காம் வசனம் அவனைத் ‘தேவஊழியக்காரன்’ என்று அழைப்பதோடு நில்லாமல், அந்த ஊழியம் எதற்காக என்பதையும் சொல்கிறது: ‘உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு’. வாடகை வசூலிப்பதற்கு மட்டும் அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிய ஒருவர், அதே பத்திரத்தைக் காட்டி வீட்டை விற்கப் புறப்பட்டால், பத்திரம் உண்மையானதாக இருந்தும் விற்பனை செல்லாது. கொடுக்கப்பட்ட அதிகாரம் எதுவானாலும் கொடுத்தவர் குறித்த வேலையின் அளவுக்குத்தான் செல்லும். பவுல் இதை எழுதியது ஏறத்தாழ கி.பி. 57-இல், நீரோவின் ஆட்சியில். பேரரசர்களைத் தெய்வங்களின் வரிசையில் வைத்து வணங்குவது வழக்கமாயிருந்த ஒரு பேரரசில். அங்கே ஆளுகிறவனை ஊழியக்காரன் என்று எழுதினால், அவனைக் கோயில் பீடத்திலிருந்து இறக்கி வேலையாட்களின் வரிசையில் நிறுத்தியதாகவே பொருள்படும்.

இயேசுவும் பிலாத்துவிடம் இதையே சொன்னார். உன்னை விடுதலைபண்ணவும் அறையவும் எனக்கு அதிகாரம் உண்டென்று தேசாதிபதி பெருமை பேசியபோது, ‘பரத்திலிருந்து உமக்குக் கொடுக்கப்படாதிருந்தால், என்மேல் உமக்கு ஒரு அதிகாரமுமிராது’ என்பது பதில். இதைப் பிலாத்துவுக்குக் கொடுக்கப்பட்ட சான்றிதழாக வாசிக்கிறவர்கள் உண்டு. அடுத்த வாக்கியமே பாவத்தின் அளவைப் பற்றிப் பேசுகிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. மேலிருந்து பெற்ற அதிகாரத்துக்கு மேலே கணக்கும் கொடுக்க வேண்டும். பேதுரு முதலாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இன்னும் நுட்பமான ஓர் அளவு இருக்கிறது. ‘எல்லாரையும் கனம்பண்ணுங்கள், சகோதரரிடத்தில் அன்புகூருங்கள், தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள்.’ ராஜாவுக்குக் கிடைப்பது எல்லாருக்கும் கிடைக்கும் அதே கனம்தான். பயம் தேவனுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

வரி கொடுக்கலாமா என்ற கேள்விக்கு இயேசு ஒரு வெள்ளிக்காசைக் கேட்டு வாங்கி, ‘இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது?’ என்று திருப்பிக் கேட்ட காட்சியை எல்லாரும் அறிவோம். ரோமப் பேரரசனாகிய இராயனுடையதை இராயனுக்குக் கொடுங்கள் என்பது வரையில் புரிந்துவிடுகிறது. தேவனுடையது எது என்பதை அந்த உரையாடல் சொல்லாமல் விடுகிறது. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கார்த்தேஜ் நகரில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் அந்த இடைவெளியை நிரப்பினார்: காசின்மேல் இருக்கிற இராயனின் சாயலை இராயனுக்குக் கொடு, மனிதன்மேல் இருக்கிற தேவனின் சாயலைத் தேவனுக்குக் கொடு. கிறிஸ்தவ நோக்கில் மனித உரிமை என்று பேசுவதற்கு இதைவிட உறுதியான அடித்தளம் எனக்குத் தெரியாது. ஆதியாகமம் முதலாம் அதிகாரம் தேவசாயலை ராஜாக்களுக்கு மட்டும் சொல்லவில்லை; ஆண், பெண் என்ற இரண்டு சொற்களுக்கு அப்பால் அங்கே எந்தத் தகுதி நிபந்தனையும் இல்லை. தன் முத்திரை பதியாத ஒன்றின்மேல் அரசு முழு உரிமை கொண்டாட முடியாது. அதே தெர்த்துல்லியன் ஆப்பிரிக்க மாகாணத்தின் ஆளுநருக்கு எழுதியபோது, தன் மனம் ஏற்றபடி வழிபடுவது மனிதனுக்கு இயல்பாக உரிய உரிமை என்றும், மதத்தை வற்புறுத்துவது மதத்தின் வேலை ஆகாது என்றும் வாதாடினார். பிற்காலத் தத்துவவாதிகள் பிறப்பதற்கு ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்டது அது.

பழைய ஏற்பாட்டுக்குப் போனால், எல்லை என்பது கொள்கையாக மட்டுமின்றி வழக்காகவே நிற்கிறது. உபாகமம் 17 ராஜாவை அனுமதிக்கும்போதே அவன் குதிரைகளையும் மனைவிகளையும் வெள்ளி பொன்னையும் பெருக்கக் கூடாது என்று தடுக்கிறது. சட்டத்தின் பிரதி ஒன்றைத் தனக்கென்று எழுதி வைத்துக்கொண்டு நாள்தோறும் வாசிக்க வேண்டும், சகோதரருக்கு மேலாகத் தன்னை எண்ணக் கூடாது என்கிறது. குதிரை என்றால் படை, மனைவிகள் என்றால் அந்நிய அரண்மனைகளோடு உடன்படிக்கை, பொன் என்றால் கஜானா. ராஜா எதனால் ராஜாவாகிறானோ அந்த மூன்றிலும் கைவைத்த சட்டம் அது. ஒன்று சாமுவேல் 8-இல், எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்று கேட்ட ஜனத்துக்குச் சாமுவேல் சொன்ன எச்சரிக்கையில் ‘எடுத்துக்கொள்வான்’ என்ற கருத்து திரும்பத் திரும்ப வருகிறது: குமாரரை, குமாரத்திகளை, வயல்களை, விளைச்சலில் பத்தில் ஒன்றை.

அந்த எச்சரிக்கை உண்மையானதை நாபோத்தின் கதையில் கிட்டத்திலிருந்து பார்க்கலாம். ஆகாப் ராஜா அரண்மனையை ஒட்டிய நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைக் கீரைத்தோட்டமாக்கக் கேட்கிறான். மாற்றுத் தோட்டமோ பணமோ தருவதாகவும் சொல்கிறான். நாபோத், என் பிதாக்களின் சுதந்தரத்தைக் கொடுக்க மாட்டேன் என்கிறான். நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘சுதந்தரம்’ என்றால் முன்னோர் வழி வந்த பங்கு என்று பொருள். இன்று அதே சொல் விடுதலையைக் குறிக்கிறது. நாபோத்தின் வாயில் இரண்டு பொருளும் பொருந்திப்போவது தமிழில் வாசிக்கிறவர்களுக்கு மட்டும் கிடைக்கும் வாய்ப்பு. மறுப்பைக் கேட்ட ஆகாப் என்ன செய்கிறான்? படுக்கையில் விழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாப்பிடாமல் கிடக்கிறான். ஒரு குடிமகன் ‘இல்லை’ என்றால் ராஜாவும் எடுக்க முடியாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பிணக்கே அதற்குச் சாட்சி. அரசன் என்றால் எடுக்கலாம் என்று வாழ்ந்த நாட்டிலிருந்து வந்த அவன் மனைவி யேசபேலுக்குத்தான் அது புரியவில்லை. அவள் செய்ததையும் கவனிக்க வேண்டும். ஆளை அனுப்பி இருட்டில் கொல்லவில்லை. முத்திரையிட்ட கடிதம், ஊர் மூப்பர்களின் கூட்டம், சட்டம் கேட்கிறபடி இரண்டு சாட்சிகள், தேவதூஷணக் குற்றச்சாட்டு, தீர்ப்பு, கல்லெறிதல் என்று எல்லாம் முறைப்படி நடந்தது. சட்டத்தின் வடிவங்கள் ஒன்றுகூடக் குறையாமல் நடந்த கொலை அது. அரசன் சொன்னபடி ஆடும் நீதிமன்றம் இருக்கும்வரை எழுத்தில் இருக்கும் உரிமை ஒருவனையும் காக்காது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன கதை இல்லை. அதன்பின் தீர்க்கதரிசி எலியா வந்து, ‘நீ கொலைசெய்ததும் எடுத்துக்கொண்டதும் இல்லையோ’ என்று கேட்கிறான். அரசனிடம் சம்பளம் வாங்காத ஒருவனால்தான் அப்படிக் கேட்க முடிந்தது.

‘உரிமை’ வேதத்தில் உண்டா என்ற ஐயத்துக்குப் பவுலின் வாழ்க்கையே போதுமான பதில். பிலிப்பி பட்டணத்தில் அவரையும் சீலாவையும் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் வைத்தார்கள். மறுநாள் காலையில் அதிகாரிகள் ஆளனுப்பி, போய்விடலாம் என்றார்கள். வெளியே வந்தால் போதும் என்று நம்மில் பெரும்பாலோர் கிளம்பியிருப்போம். பவுல் கிளம்பவில்லை. ரோமராகிய எங்களை நியாயம் விசாரியாமல் வெளியரங்கமாய் அடித்துவிட்டு இப்போது இரகசியமாய் விடுகிறார்களோ, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார். அதிகாரிகள் பயந்துபோய் வந்து வேண்டிக்கொண்டார்கள். எருசலேமில் வாரினால் அடிக்கக் கட்டியபோது, விசாரிக்கப்படாத ரோமனை அடிக்கிறது நியாயமா என்று நூற்றுக்கு அதிபதியிடம் கேட்டார். செசரியாவில் உள்ளூர் நீதியில் நம்பிக்கை போனபோது இராயனுக்கு அபயமிட்டார். இன்றைய சொல்லில் அது மேல்முறையீடு. ரோமர் 13-ஐ எழுதிய கையே இதைச் செய்தது என்பதால், இரண்டும் முரண் என்று நினைக்கிறவர்கள் ரோமர் 13-ஐத்தான் திரும்ப வாசிக்க வேண்டும்.

ஆனால் பவுல் பயன்படுத்தியது இன்றைய பொருளில் உரிமை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போஸ்தலர் 22-இல் சேனாபதி, மிகுந்த திரவியம் கொடுத்து ‘இந்தச் சிலாக்கியத்தை’ச் சம்பாதித்தேன் என்கிறான், பவுல், நானோ அதற்குரியவனாகப் பிறந்தேன் என்கிறார். சிலாக்கியம் என்பது சரியான சொல். விலைக்கு வாங்கியவனுக்கும் பிறப்பால் பெற்றவனுக்கும் அது உண்டு. பக்கத்தில் அடிபடுகிற அடிமைக்கு இல்லை. ரோமச் சட்டத்தில் இருந்த சிலாக்கியத்தையும் ஆதியாகமத்தில் இருந்த தேவசாயலையும் ஒன்றாகச் சேர்த்து, எல்லாருக்கும் உரிய உரிமை என்ற முடிவுக்கு வருவதற்குத் திருச்சபைக்குப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. அந்தத் தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் திருச்சபையே.

கி.பி. 313-இல் கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் கிறிஸ்தவர்கள் உட்பட எல்லாருக்கும் வழிபாட்டு விடுதலை தந்தார்கள். 380-இல் பேரரசன் தியோடோசியஸ், நிசேயா சங்கம் வகுத்த விசுவாசத்தைப் பேரரசின் மதமாக்கினார். 385-இல், வேறு ஒரு பேரரசனின் ஆணையில், ஸ்பெயின் நாட்டு ஆயர் பிரிசிலியன் டிரியர் நகரில் தலைவெட்டுண்டார். அவர்மேல் வழக்கைக் கொண்டுபோனவர்களும் ஆயர்களே. அரசின் வாளுக்குத் தப்பி ஓடியவர்களின் சந்ததியார், அதே வாளை எதிராளியை நோக்கித் திருப்பிவிட எழுபதே ஆண்டுகள் போதுமாயிருந்தன. டூர் நகரின் ஆயர் மார்ட்டின் அந்தக் கொலையைக் கடுமையாக எதிர்த்தார் என்பது ஆறுதல். 390-இல் தெசலோனிக்கேயில் ஒரு கலவரத்துக்குப் பழிவாங்கத் தியோடோசியஸின் படை ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபோது, மிலான் ஆயர் அம்புரோஸ், பகிரங்கமாக மனந்திரும்பும் வரையில் பேரரசனுக்குத் திருவிருந்து இல்லை என்றார், பேரரசன் பணிந்தார். எலியாவின் வேலையைச் செய்த ஆயர் என்று இவரைப் போற்றலாம். ஆனால் அதே அம்புரோஸ் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, கலினிக்கும் பட்டணத்தில் கிறிஸ்தவர்கள் எரித்த யூத ஜெப ஆலயத்தைக் கட்டித்தர உத்தரவிட்ட இதே பேரரசனைத் தடுத்தவர். அரசனை எதிர்த்து நிற்பது மட்டும் ஒருவரை எப்போதும் சரியான பக்கத்தில் நிறுத்திவிடாது.

இங்கிலாந்தில் 1215 ஜூன் 15-ஆம் தேதி ரன்னிமீட் புல்வெளியில் ஜான் அரசன் மாக்னா கார்ட்டாவுக்கு முத்திரையிட்டதை எல்லாப் பாடநூல்களும் சொல்லும். சட்டப்படியான தீர்ப்பின்றிச் சுதந்திரமான எந்த மனிதனையும் பிடித்து அடைக்கவோ உடைமையைப் பறிக்கவோ கூடாது என்ற விதியும், நீதியை விற்க மாட்டோம், மறுக்க மாட்டோம், தாமதிக்க மாட்டோம் என்ற விதியும் அதில் இருந்தன. பிரபுக்களுக்கும் அரசனுக்கும் இடையே நின்று அதை வடிவமைப்பதில் பெரும்பங்கு வகித்தவர் கான்டர்பரி பேராயர் ஸ்டீபன் லாங்டன். அவர் பாரீஸில் ஆசிரியராயிருந்தபோது செய்த வேறொரு வேலை நம் எல்லார் கையிலும் இருக்கிறது: இன்று நாம் பயன்படுத்தும் வேதாகம அதிகாரப் பிரிவினை அவருடையதென்றே சொல்லப்படுகிறது. ஒரு நூலின் பகுதிக்கும் ஆளும் வல்லமைக்கும் தமிழில் ஒரே சொல் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரோமர் நிருபத்தில் பதின்மூன்றாம் அதிகாரம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டவரே, அரசனின் அதிகாரம் எங்கே முடிகிறது என்று கோடு போடவும் போய் நின்றார். அடுத்து நடந்தது அவ்வளவு இனிமையானதல்ல. இரண்டே மாதங்களில் போப் மூன்றாம் இன்னசென்ட் அந்தச் சாசனம் செல்லாது என்று அறிவித்தார். லாங்டனும் பதவியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார். ஆக, ‘கிறிஸ்தவம் மாக்னா கார்ட்டாவைத் தந்தது’ என்றும் சொல்லலாம், ‘கிறிஸ்தவம் அதை ரத்து செய்தது’ என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் பெயரும் தேதியும் உண்டு.

சீர்திருத்தக் காலத்தைக் கொஞ்சம் வேகமாகவே கடக்கிறேன், ஏனென்றால் அங்கே நல்ல கோட்பாடும் மோசமான நடைமுறையும் ஒரே ஊரில் வாழ்ந்தன. 1523-இல் ஜெர்மானியச் சீர்திருத்தவாதி லூத்தர், உலக அதிகாரம் உடலுக்கும் உடைமைக்கும் மேலே நீளும், ஆத்துமாவை எட்டாது என்று எழுதினார். இரண்டு ஆண்டுகள் கழித்து எழும்பிய விவசாயிகளை வெட்டி வீழ்த்தச் சொன்னதும் அவரே. பிரெஞ்சுச் சீர்திருத்தவாதி கால்வின், தனிமனிதர் கலகம் செய்யக் கூடாது, ஆனால் அரசனைக் கட்டுப்படுத்தவென்றே நியமிக்கப்பட்ட மக்கள் பிரதிநிதிகள் வாய்மூடி இருந்தால் அது மக்களின் சுதந்திரத்துக்குச் செய்யும் துரோகம் என்று எழுதினார். இந்த ஒரு பத்தியிலிருந்து பிரான்ஸ், ஸ்காட்லாந்து, நெதர்லாந்து நாடுகளின் சீர்திருத்தச் சபையார் வரம்புக்குட்பட்ட ஆட்சி என்ற கோட்பாட்டை வளர்த்தெடுத்தார்கள். கால்வின் வாழ்ந்த ஜெனீவாவில்தான் 1553-இல் திரித்துவத்தை மறுத்த செர்வீட்டஸ் எரிக்கப்பட்டார். ஒரு மனிதனைக் கொல்வது உபதேசத்தைக் காப்பது ஆகாது, மனிதனைக் கொல்வதே ஆகும் என்று அப்போது எழுதிய காஸ்டெல்லியோவைச் சபைகள் பல காலம் மறந்திருந்தன. 1612-இல் தாமஸ் ஹெல்விஸ் என்ற ஆங்கிலேயப் பாப்திஸ்து போதகர், ராஜா சாகக்கூடிய மனிதன், தேவன் அல்ல, ஆகவே குடிகளின் ஆத்துமாவின்மேல் அவருக்கு அதிகாரமில்லை என்று அரசனுக்கே எழுதினார். அந்த விடுதலையைத் தன் சபையாருக்கு மட்டும் கேட்காமல், தான் பிழையென்று நம்பிய யூதருக்கும் இஸ்லாமியருக்கும் வேதப்புரட்டர் எனப்பட்ட எவருக்கும் கேட்டதுதான் அவரை மற்றவர்களிடமிருந்து பிரிக்கிறது. அவர் நியூகேட் சிறையில் இறந்தார்.

இந்த நம்பிக்கை எப்படிச் சட்டமாக மாறியது என்பதைக் காட்ட எனக்குப் பிடித்த வழக்கு 1670-இல் லண்டனில் நடந்தது. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் மண்டபத்தைப் படைவீரர்கள் பூட்டிவிட, இளைஞரான வில்லியம் பென் வாசலுக்கு வெளியே தெருவிலேயே பிரசங்கித்தார். அவர்மேலும் வில்லியம் மீட் மேலும் சட்டவிரோதமாகக் கூட்டம் கூட்டி அமைதியைக் கெடுத்ததாக வழக்கு. மனிதனுக்குத் தொப்பி கழற்றுவதில்லை என்பது குவேக்கர்களின் வழக்கம். உள்ளே வரும்போது காவலர் அவர்கள் தொப்பியை எடுத்துவிட்டிருந்தார்கள். நீதிபதிகள் அந்தத் தொப்பிகளைத் திரும்ப வைக்கச் சொல்லி, வைத்த பிறகு, ஏன் கழற்றவில்லை என்று அபராதம் போட்டார்கள். எந்தச் சட்டத்தின் கீழ் இந்தக் குற்றச்சாட்டு என்று பென் விடாமல் கேட்டார். பொதுச்சட்டம் என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை, அவரை ஓரத்தில் இருந்த அடைப்புக்குள் தள்ளினார்கள். ஜூரிகள் பன்னிருவரும் ‘தெருவில் பேசினார்’ என்பது மட்டுமே குற்றம் என்று சொல்லி, அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்க மறுத்தார்கள். இரண்டு இரவுகள் சோறு, தண்ணீர், நெருப்பு இல்லாமல் பூட்டிவைத்தும் அவர்கள் மாறவில்லை. கடைசியில் ‘குற்றவாளி அல்ல’ என்றே தீர்ப்பளித்தார்கள். அதற்காக ஜூரிகளுக்கே அபராதம், கட்டாதவர்களுக்குச் சிறை. அவர்களில் எட்வர்ட் புஷெல் ஆட்கொணர்வு மனு போட, தலைமை நீதிபதி ஜான் வாகன், தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்று விடுவித்தார். மதத்தைப் பற்றி அந்தத் தீர்ப்பு ஒன்றும் பேசவில்லை. ஆனால் நாபோத்தின் ஊர் மூப்பர்களிடம் இல்லாமற்போன முதுகெலும்பு அந்தப் பன்னிருவரிடம் இருந்தது, சட்டம் அதற்கு அரணாகவும் நின்றது.

அமெரிக்க அரசியல் சாசனத்தை வரைந்தவர்கள் எல்லாரும் பக்தியுள்ள கிறிஸ்தவர்கள் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. அவர்களில் பலவகைப்பட்டவர்கள் இருந்தார்கள். எனினும் அதை வரைவதில் முன்னின்ற ஜேம்ஸ் மேடிசன் பிரஸ்பிட்டேரியன் போதகர் ஜான் விதர்ஸ்பூனிடம் படித்தவர். மனிதர் தேவதூதராக இருந்தால் அரசே தேவைப்படாது, தேவதூதர் ஆண்டால் அரசுக்குக் கட்டுப்பாடு தேவைப்படாது என்று அவர் எழுதியதில் ‘எல்லாரும் பாவஞ்செய்து’ என்ற ரோமர் 3:23-இன் சாயல் இருக்கிறது. ஜன்மபாவம் பற்றிய உபதேசத்தை ஆளப்படுகிறவர்களுக்கு மட்டும் பொருத்தி, ஆளுகிறவர்களுக்கு விலக்கு அளிக்கிற அரசியல் கிறிஸ்தவமாகாது. அமெரிக்க இறையியலாளர் ரெய்னால்ட் நீபர் 1944-இல் இதை இரண்டு பக்கமும் சமன் செய்து சொன்னார்: நீதிக்கான திறன் மனிதனிடம் இருப்பதால் ஜனநாயகம் இயலும், அநீதிக்கான நாட்டம் அவனிடம் இருப்பதால் ஜனநாயகம் தேவை. அதிகாரத்தைச் சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என்று பிரிப்பதற்கு இறையியல் காரணம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

கத்தோலிக்கத் திருச்சபையின் பாதை நீண்டது. 1864-இல் போப் ஒன்பதாம் பயஸ் கண்டித்த பிழைகளின் பட்டியலில், எந்த மதத்தையும் தழுவ ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் உண்டு என்ற கூற்றும் இருந்தது. 101 ஆண்டுகள் கழித்து, 1965 டிசம்பர் 7-ஆம் தேதி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 2,308-க்கு 70 என்ற வாக்குகளில், மதச் சுதந்திரம் மனித மாண்பில் வேரூன்றிய உரிமை, அதை அரசியல் சாசனம் காக்க வேண்டும் என்று அறிவித்தது. இதற்கிடையே 1931-இல் போப் பதினோராம் பயஸ், குடும்பமும் உள்ளூர்ச் சமூகமும் செய்துகொள்ளக்கூடிய வேலையை மேலிருக்கும் அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று எழுதியிருந்தார். நெதர்லாந்தில் சீர்திருத்தச் சபை இறையியலாளர் ஆபிரகாம் கைப்பர் 1880-இலேயே ஏறத்தாழ இதே முடிவுக்கு வேறு வழியாக வந்திருந்தார்: குடும்பம், சபை, கல்விக்கூடம், தொழில் ஒவ்வொன்றும் தன் அதிகாரத்தை அரசிடமிருந்து பெறவில்லை, தேவனிடமிருந்து நேராகப் பெற்றது.

இருபதாம் நூற்றாண்டில் ரோமர் 13 எவ்வளவு தூரம் வளைக்கப்பட்டது என்பதற்கு இரண்டு நாடுகள் போதும். ஜெர்மனியில் ஹிட்லரின் அரசைத் தேவனுடைய நியமனமாகவே போற்றிய சபையார் இருந்தார்கள். அவர்களை எதிர்த்து 1934 மே மாதம் பார்மன் நகரில் கூடியவர்கள், மனித வாழ்வின் ஒரே முழுமையான ஒழுங்காக அரசு ஆகிவிடலாம் என்ற போதனையைத் தள்ளுகிறோம் என்று அறிக்கையிட்டார்கள். துணிச்சலான வாக்கியம்தான், ஆனால் அந்த அறிக்கையில் யூதர் என்ற சொல் எங்கும் இல்லை. சபையின் சுதந்திரத்துக்கு அரசு கைவைத்தபோது எழுந்தவர்களில் பலர், பக்கத்து வீட்டுக்காரனின் குடியுரிமை பறிபோனபோது எழவில்லை. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சிக்கு வேத ஆதாரம் தந்தது டச்சுச் சீர்திருத்தச் சபை. 1985-இல் அந்நாட்டு இறையியலாளர் பலர் கையொப்பமிட்ட கைரோஸ் ஆவணம், ரோமர் 13-ஐ அரசின் கையில் ஆயுதமாகக் கொடுப்பதற்கு ‘அரச இறையியல்’ என்றே பெயர் வைத்துக் கண்டித்தது. அதற்கு முன்பு, 1963 ஏப்ரலில், பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதியபோது அவர் பதில் சொன்னது எதிரிகளுக்கு இல்லை. பொறுமையாயிரு என்று புத்தி சொன்ன சக போதகர்களுக்கு. அநீதியான சட்டம் சட்டமே ஆகாது என்று அகஸ்டினையும், அக்குவினாஸையும் அவர் துணைக்கு அழைத்தார். அதோடு, சட்டத்தை மீறுகிறவன் வெளிப்படையாக, அன்போடு, தண்டனையை ஏற்கும் மனதோடு மீற வேண்டும் என்றும் சேர்த்தார்.

நடைமுறைக்கு வருகிறேன். பிடித்த சட்டம் வரும்போது ரோமர் 13-ஐயும் பிடிக்காத சட்டம் வரும்போது அப்போஸ்தலர் 5:29-ஐயும் எடுப்பது நம்மிடையே உள்ள வழக்கம். ‘மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது’ என்று பேதுரு சொன்னது, தேவன் கட்டளையிட்டதை அரசு தடுத்த இடத்தில். எபிரெய மருத்துவச்சிகளான சிப்பிராளும் பூவாளும், ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனுக்குக் கீழ்ப்படியாதது, தேவன் தடுத்ததை அரசு கட்டளையிட்ட இடத்தில். வரி அதிகமென்பதோ கட்டட அனுமதி தாமதமாகிறதென்பதோ இந்த வகையில் சேராது. அவற்றுக்கு மனு, வாக்குச்சீட்டு, நீதிமன்றம் என்ற வழிகளை அரசியல் சாசனமே திறந்து வைத்திருக்கிறது, பவுல் தனக்குத் திறந்திருந்த வழியைப் பயன்படுத்தியதுபோல நாமும் பயன்படுத்தலாம். ஆயுதம் ஏந்தலாமா என்பதில் சபைகள் ஒன்றுபட்டதில்லை. மெனனைட்டு என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் குவேக்கர்களும் ஒருபோதும் கூடாது என்பார்கள், கால்வினின் வழிவந்தவர்கள் பொறுப்பிலுள்ள பிரதிநிதிகள் வழியாக மட்டும், அதுவும் கடைசி வழியாக என்பார்கள். மக்களாட்சியில் வாழ்கிறவருக்கு இன்னொரு வேறுபாடும் உண்டு. ‘மேலான அதிகாரம்’ என்பது அங்கே பதவியில் இருக்கும் ஆளையோ கட்சியையோ குறிக்காது. அவர்களும் உறுதிமொழி எடுத்துக் கட்டுப்பட்டிருக்கிற அரசியல் சாசனத்தையே குறிக்கும். ஆகவே சாசனத்தை மீறும் ஆணையை நீதிமன்றத்தில் எதிர்க்கிறவர், ரோமர் 13-இன்படி மேலான அதிகாரத்துக்குக் கீழ்ப்படிந்தவரே.

கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் அரசு கிறிஸ்தவத்துக்குச் சிறப்பிடம் தந்தால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு, 313-க்கும் 385-க்கும் இடையே நடந்ததைத் திரும்ப வாசிக்கச் சொல்வேன். நமக்கு மட்டும் கேட்கும் விடுதலை சேனாபதி விலைக்கு வாங்கிய சிலாக்கியத்தோடுதான் சேரும்.

இதை அளந்து பார்க்க இரண்டு வழக்குகள் உண்டு; இரண்டிலும் வழக்காடியவர்கள் யெகோவாவின் சாட்சிகள். திரித்துவத்தை மறுப்பதால் பெரும்பாலான சபைகள் அவர்களைக் கிறிஸ்தவர்களென்றே ஏற்பதில்லை. அரசுச் சின்னங்களுக்கு வணக்கம் செலுத்துவதை அவர்கள் விக்கிரக ஆராதனையாகக் கருதுகிறார்கள். 1940-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பள்ளிப் பிள்ளைகள் கொடிக்கு வணக்கம் செலுத்தியே ஆகவேண்டும் என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது. அதைத் தொடர்ந்து பல ஊர்களில் அவர்கள் கும்பல்களால் தாக்கப்பட்டார்கள். மூன்றே ஆண்டுகளில், போரின் நடுவே, 1943 ஜூன் 14-ஆம் தேதி, அதே நீதிமன்றம் தன் தீர்ப்பை மாற்றி, எது சரியான கருத்து என்று எந்த அதிகாரியும் விதிக்க முடியாது என்றது. இந்தியாவில் 1985-இல் கேரளப் பள்ளி ஒன்றில் மூன்று பிள்ளைகள், நாட்டுப்பண் பாடப்படும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளியை விட்டு நீக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் அந்தப் பாட்டில் யாருடைய மத உணர்வையும் புண்படுத்தும் சொல் ஏதுமில்லை என்று மனுவைத் தள்ளியது. 1986 ஆகஸ்ட் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சாசனத்தின் 19, 25 ஆகிய பிரிவுகளின் கீழ், அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய அந்தத் தீர்ப்பு, அந்த நம்பிக்கை நம் அறிவுக்கோ உணர்வுக்கோ ஏற்கிறதா என்பது கேள்வியே அல்ல, அது உண்மையாகவும் மனச்சாட்சியோடும் கொள்ளப்பட்டதா என்பதே கேள்வி என்கிறது. தங்கள் மனச்சாட்சிக்காக நீதிமன்றப் படியேறும் எந்தச் சபையாரும் இன்று மேற்கோள் காட்டும் தீர்ப்புகளில் இதுவும் ஒன்று; வாங்கித் தந்தவர்களோடு அந்தச் சபைகளில் பலவும் திருவிருந்தில் அமர மாட்டா.